பரிசோதனைப் போத்தலுக்கு முன் அனைவரும் சமமா?

2011ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் தொடரின் காலிறுதியில் இங்கிலாந்து அணியை இலங்கை பத்து விக்கெட்டுகளால் வீழ்த்தியதை இரசிகர்கள் இலகுவில் மறந்திருக்க மாட்டார்கள். உபுல் தரங்கவும் திலகரத்ன டில்ஷானும் ஆளுக்கொரு சதமடித்து, இறுதிவரை ஆட்டமிழக்காது 231 ஓட்டங்களைக் குவித்த ஆட்டம் அது. மூன்று நாட்களின் பின்னர், மார்ச் 29ஆம் திகதி, நியூசிலாந்துடனான அரையிறுதியை அடுத்துத் தரங்கவிடம் பெறப்பட்ட சிறுநீர் மாதிரியில் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருப்பது கண்டறியப்பட்டது. நீண்டகாலமாகத் தொல்லை கொடுத்துவந்த தோள்பட்டை வலிக்காகத் தமக்குத் தரப்பட்ட மூலிகை மருந்திலிருந்தே அது உடலில் சேர்ந்தது என்று அவர் விளக்கமளித்தார். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை என்பதைச் சர்வதேச கிரிக்கெட் சபையின் விசாரணை மன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவருக்கு மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது.

எண்ணமில்லை என்று ஏற்றுக்கொண்ட மன்றம் தண்டனையும் விதித்தது எவ்வாறு என்ற கேள்வி, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோருக்குச் சாதாரணமாக எழக்கூடியதே. கால் சுளுக்கென்றால், நாரிப்பிடிப்பென்றால் பரியாரியாரிடம் சென்று எண்ணெயும் குளிகையும் சூரணமும் பெற்றுவருவது எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் காலங்காலமாக உள்ள வழக்கம். அந்தச் சூரணத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை. வெபர் விளையாட்டரங்கின் ஓடுபாதையில் பயிற்சி பெறும் இளைஞர் ஒருவரும் இவ்வாறே மருந்துண்டு வளர்ந்தவர்தாம். தரங்கவுக்கு நேர்ந்தது அவருக்கு நேர்ந்தால் என்னவாகும்? இதற்கு விடை காண ஊக்கமருந்துச் சட்டம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் 1999ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. நாடுகளையும் விளையாட்டுச் சம்மேளனங்களையும் ஒரே விதியின் கீழ்க் கொணரும் அதன் கோவை 2004இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இதற்குச் சட்டவலு அளித்தது. அதன் கீழ் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இயங்கிவருகிறது. இக்கோவையின் முதுகெலும்பு ஒரே ஒரு விதி: ஒரு வீரரின் உடலில் எது காணப்பட்டாலும் அதற்கு அவரே பொறுப்பு. அவர் தெரிந்து உட்கொண்டாரா, தெரியாமல் உட்கொண்டாரா, பிறர் கொடுத்தனரா என்பன குற்றம் நிகழ்ந்ததா என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகளல்ல. தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது மட்டுமே அவை கவனத்திற்கு எடுக்கப்படும். மாதிரியில் மருந்து இருந்தது என்பதைக் காட்டுவதோடு குற்றஞ்சாட்டும் தரப்பின் வேலை முடிந்துவிடுகிறது. அது எவ்வாறு வந்தது என்பதை நிரூபிக்கும் சுமை வீரரின் தலையிலேயே விழுகிறது.

சாதாரண நீதிமன்றங்களில் நாம் காணும் முறைக்கு இது நேர்மாறானது. இது கொடிது என்று கூறுவோர் உளர். ஆனால் இவ்விதி ஏன் வந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.79 விநாடியில் ஓடிய கனேடியர் பென் ஜோன்சன், ஸ்டானோசோலோல் என்னும் ஸ்டீரொயிட் கண்டறியப்பட்டதால் மூன்றே நாட்களில் பதக்கத்தை இழந்தார். அவரும் தொடக்கத்தில் மறுத்தவரே. அமெரிக்க ஓட்ட வீராங்கனை மரியன் ஜோன்ஸ், 2000 சிட்னி ஒலிம்பிக்கின் பின் ஏழாண்டுகள் மறுத்துவந்து, 2007 ஒக்டோபரில்தான் உண்மையை ஒப்புக்கொண்டார். ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால், தெரிந்து செய்த ஒவ்வொருவரும் அதையே சொல்வர். ஆகவே விதியின் கடுமையை நாம் குறை கூறுவதற்கில்லை. அக்கடுமையைத் தாங்குவதற்கான வலு எல்லா வீரர்களுக்கும் ஒரே அளவில் இருக்கிறதா என்பதே கேட்கப்பட வேண்டியது.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நன்று. நமது பேச்சில் ஸ்டீரொயிட் என்ற ஒரே சொல் இருவேறு மருந்துக் குடும்பங்களைக் குறிக்கிறது. தரங்கவின் மாதிரியில் இருந்த பிரெட்னிசோலோன், அழற்சியைத் தணிக்கும் வகையைச் சேர்ந்தது. ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல்நோய் முதலியவற்றுக்கு வைத்தியசாலைகளில் நாள்தோறும் கொடுக்கப்படும் மருந்து அது. அதனால் தசை வளர்வதில்லை. நெடுங்காலம் உட்கொண்டால் தசை மெலியவே செய்யும். வலியை மறைத்துச் சோர்வைக் குறைத்து விளையாட வைக்கும் என்பதால் போட்டிக் காலத்தில் மட்டும் குளிகையாகவோ ஊசியாகவோ எடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. தோலில் பூசும் களிம்புக்கும், உள்மூச்சாக இழுக்கும் மருந்துக்கும் தடையில்லை. ஆஸ்துமா நோயாளர் பயன்படுத்தும் சல்பியூட்டமோல் உறிஞ்சிக்கும் இருபத்துநான்கு மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை அனுமதி உண்டு. அந்த அளவையும் ஒரே மூச்சில் எடுத்துவிட முடியாது. எட்டு மணி நேரத்தில் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. எனவே விளையாட்டுக்காக யாரும் தமக்கு வைத்தியர் எழுதித் தந்த மருந்தை நிறுத்திவிட வேண்டியதில்லை. நோயின் பொருட்டு இன்றியமையாத மருந்தென்றால் முன்கூட்டியே விண்ணப்பித்துச் சிகிச்சை விலக்கு அனுமதி பெறவும் வழியிருக்கிறது.

மற்றக் குடும்பமே உண்மையான வில்லன். ஆண்களின் உடலில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோனும் அதனைப் போலச் செயற்கையாக ஆக்கப்பட்ட நான்ட்ரோலோன், ஸ்டானோசோலோல், மெதன்டியெனோன் முதலியனவும் இதில் அடங்கும். தசைக்கலத்தினுள் புகுந்து புரத ஆக்கத்தை இவை விரைவுபடுத்துகின்றன. கடும் பயிற்சியால் சிதைந்த தசை விரைவில் தேறுகிறது. அதனால் ஒருவர் வழமையைவிட அதிக நேரம், அதிக நாட்கள் பயிற்சி செய்ய முடிகிறது. ஊசியைப் போட்டுவிட்டுப் படுத்துறங்கினால் தசை வளர்ந்துவிடும் என்று எண்ணுவது அறியாமை. பயிற்சியைத் தாங்கும் எல்லையைத்தான் மருந்து நகர்த்துகிறது. அதனாலேயே ‘நானும் கஷ்டப்பட்டுத்தான் பயிற்சி செய்தேன்’ என்று மருந்துண்டவர் மனதாரக் கூறவும் முடிகிறது.

இதற்கு உடல் கொடுக்கும் விலை பெரிது. வெளியிலிருந்து ஓமோன் வந்து சேரும்போது உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்கிறது, விதைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைகிறது, ஆண்களுக்கு மார்பகம் பருக்கிறது. நல்ல கொழுப்பு குறைந்து, இதயச் சுவர் தடிக்கிறது. குளிகையாக உட்கொள்பவை பெரும்பாலும் ஈரலைத் தாக்குகின்றன. பெண்களுக்குக் குரல் தடித்துவிட்டால் மருந்தை நிறுத்திய பின்னரும் பழைய குரல் திரும்புவதில்லை. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கோ இன்னொரு கேடும் உண்டு. எலும்பின் வளர்முனைகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொள்வதால், ஆறடி வளர வேண்டிய பையன் இடைநடுவில் நின்றுவிடக்கூடும்.

கிழக்கு ஜேர்மனியில் அரசே முன்னின்று இதைச் செய்தது. பயிற்சி நிலையங்களில் சிறுமிகளுக்கு நீலநிறக் குளிகைகள் கொடுக்கப்பட்டன. அவை விற்றமின்கள் என்றே பலருக்கும் கூறப்பட்டது. 1986ஆம் ஆண்டு ஐரோப்பியக் குண்டெறிதல் சம்பியனான ஹைடி கிரீகர், பதினாறு வயது முதல் இவ்வாறு மருந்தூட்டப்பட்டவர். பிற்காலத்தில் ஆணாக மாறி அன்ட்ரியாஸ் கிரீகர் என்ற பெயரில் வாழ்ந்தார். அத்திட்டத்தை நடத்திய விளையாட்டுத்துறைத் தலைவரும் வைத்தியரும் 2000ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ‘விற்றமின்’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவிற் கொள்வது நல்லது. இன்றும் பயிற்றுநர் கையிலிருந்து மாணவர் கைக்கு மாறும் போத்தல்களின் மீது பெரும்பாலும் அத்தகைய சாதுவான பெயர்களே ஒட்டப்பட்டிருக்கும்.

இனி நம் நாட்டு வழக்குகளுக்கு வருவோம்.

2015ஆம் ஆண்டு பாகிஸ்தான் அணி இலங்கைக்கு வந்திருந்தபோது குசல் ஜனித் பெரேராவிடம் பெறப்பட்ட மாதிரி கட்டாரில் உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டது. அதில் 19-நோர்அன்ட்ரோஸ்டீன்டையோன் என்னும் பொருள் இருப்பதாக அறிக்கை வந்தது. நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தில் இருந்த அவர் டிசம்பரில் திருப்பி அழைக்கப்பட்டார். நான்காண்டுத் தடை அவரை எதிர்நோக்கியிருந்தது. குசல் மறுத்தார். மறுப்பதோடு நின்றுவிடாமல், இலங்கைக் கிரிக்கெட் சபை அவருக்குப் பின்னால் நின்றது. வெளிநாட்டுச் சட்டத்தரணிகளும் விஞ்ஞான நிபுணர்களும் அமர்த்தப்பட்டனர். தலைமயிர் பரிசோதிக்கப்பட்டது, பொய்யறியும் சோதனையும் நடத்தப்பட்டது. ஆய்வுகூடத்தின் முடிவே வரிக்குவரி கேள்விக்குள்ளாக்கப்பட்டது. இறுதியில் அவ்வாய்வுகூடம் தன் முடிவை மீளப்பெற்றது. 2016 மே மாதத்தில் சர்வதேச கிரிக்கெட் சபை குற்றச்சாட்டைக் கைவிட்டது. இதற்கிடையே அவர் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை இழந்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் கட்டார் ஆய்வுகூடத்தின் அங்கீகாரம் நான்கு மாதங்களுக்கு இடைநிறுத்தப்பட்டது.

2019 பெப்ரவரியில் டர்பன் நகரில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக இலங்கை 304 என்ற இலக்கைத் துரத்தியபோது, கடைசி விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவுடன் இணைந்து 78 ஓட்டங்களைச் சேர்த்து, 153 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்று வெற்றியை ஈட்டித் தந்தவர் இதே குசல் பெரேரா. குற்றச்சாட்டு நிலைத்திருந்தால் அந்த நாளில் அவர் தடையின் நான்காம் ஆண்டில் இருந்திருப்பார். டெஸ்ட் வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று நிகழ்ந்தேயிராது.

இவ்வழக்கைக் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. செல்வம் மிக்க சபை ஒன்று பின்னால் நின்றமையால்தான் ஆய்வுகூடத்தின் பிழை வெளிவந்தது. குத்துச்சண்டைச் சங்கத்திடமோ பாரந்தூக்கல் சங்கத்திடமோ மெய்வல்லுநர் சங்கத்திடமோ அத்தகைய நிதி ஏது? முதல் மாதிரியில் மருந்து காணப்பட்டால் இரண்டாம் மாதிரியைத் திறந்து சோதிக்குமாறு கோரும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் அச்சோதனைக்கான கட்டணத்தையும் பெரும்பாலும் வீரரே செலுத்த வேண்டியிருக்கும். இலங்கையில் உலக முகவரகத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் இல்லாததால் சோதனை வெளிநாட்டில்தான் நடைபெறும். அயல்நாடான இந்தியாவின் டில்லி ஆய்வுகூடமும் 2019 ஓகஸ்ட் முதல் 2021 டிசம்பர் வரை அங்கீகாரம் இடைநிறுத்தப்பட்டிருந்தது. ஆய்வுகூடங்களும் மனிதர் நடத்துபவையே. அவை தவறும்போது தட்டிக் கேட்பதற்குப் பணமும் அறிவும் வேண்டும்.

குத்துச்சண்டை வீரர் மஞ்சு வன்னியாராச்சியின் கதை இதனினும் துயரமானது. 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் 56 கிலோ பிரிவில் அவர் தங்கம் வென்றார். 1938 சிட்னிப் போட்டியில் பார்னி ஹென்றிகஸ் வென்றதன் பின் 72 ஆண்டுகளுக்குப் பிறகு குத்துச்சண்டையில் இலங்கைக்குக் கிடைத்த தங்கம் அது. அவரது மாதிரியில் நான்ட்ரோலோன் கண்டறியப்பட்டதால் பதக்கம் பறிக்கப்பட்டு, வேல்ஸ் நாட்டின் சோன் மெக்கோல்ட்ரிக்குக்கு வழங்கப்பட்டது. நான்ட்ரோலோன் இரத்தச்சோகைக்கும் எலும்பு நலிவுக்கும் வைத்தியத்தில் பயன்படும் மருந்து. எண்ணெயில் கரைத்துத் தசையில் ஏற்றப்படும் இதன் எச்சம் பல மாதங்கள் கழித்தும் சிறுநீரில் தென்படும். நோய்க்கென்று ஊசி போட்டுக்கொள்ளும் வீரர் ஒருவர், தாம் இன்ன விளையாட்டு வீரர் என்று வைத்தியரிடம் அப்போதே சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொல்வதில் பயனில்லை.

சுசந்திகா ஜயசிங்கவின் வாழ்க்கையில் இவ்விவகாரத்தின் இரு முகங்களும் சேர்ந்தே தெரிகின்றன. 1998இல் நான்ட்ரோலோன் குற்றச்சாட்டுக்கு உள்ளாகிப் பின்னர் அவர் அதிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஈராண்டுகள் கழித்து, சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றர் ஓட்டத்தில் 22.28 விநாடியில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வென்றார். இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு. முதலாவதாக வந்தவர் மரியன் ஜோன்ஸ். அவரது பதக்கம் பறிக்கப்பட்டதை அடுத்து, 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாயிற்று. ஆனால் ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த வெள்ளிக்கு மேடையில்லை, கொடியேற்றமில்லை, வெள்ளிப் பதக்கத்தோடு கிடைத்திருக்கக்கூடிய வாய்ப்புகளும் இல்லை. ஊக்கமருந்து எவருக்கும் தீங்கு செய்யாத தனிமனித விவகாரம் என்று வாதிடுவோர் இந்த ஓட்டத்தின் பெறுபேற்றுப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். நான்காவதாக வந்த ஜமேக்கா வீராங்கனையோ மேடையின் அருகே கூடச் சென்றதில்லை. வெண்கலம் அவருக்குரியதாக இருந்தது.

தமிழகத்துக் கோமதி மாரிமுத்துவின் பெயர் நம்மவர்க்கு நெருக்கமானது. திருச்சிக்கு அருகேயுள்ள முடிகண்டம் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், 2019 ஏப்ரலில் டோகாவில் நடைபெற்ற ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றபோது, உலகெங்கும் உள்ள தமிழர் கொண்டாடினர். ஒரு மாதத்தில் அக்கொண்டாட்டம் அடங்கிற்று. நான்ட்ரோலோன் கண்டறியப்பட்டது, அவர் கூறிய விளக்கத்தை மன்றம் ஏற்கவில்லை, நான்காண்டுத் தடை 2023 மே வரை நீடித்தது, தங்கம் சீன வீராங்கனைக்குச் சென்றது. இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. டோகாவுக்குப் புறப்படும் முன்பே, மார்ச் மாதத்தில் பட்டியாலாவில் நடந்த தேசியப் போட்டியில் அவரது மாதிரி பெறப்பட்டிருந்தது. அதன் முடிவோ ஆசியப் போட்டி முடிந்த பின்னரே வெளிவந்தது. உரிய காலத்தில் வந்திருந்தால் அவர் உள்ளூரிலேயே நிறுத்தப்பட்டிருப்பார். அவருக்கும் அவரைக் கொண்டாடியவர்க்கும் அந்தத் தலைகுனிவு நேர்ந்திராது. அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை இங்கு நாம் மறுக்க வரவில்லை. சிற்றூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அந்த மருந்தைப் பெற்றுக் கொடுத்தது யார், விலை கொடுத்தது யார், ஊசியேற்றியது யார் என்ற கேள்விகளுக்கு இன்றுவரை பகிரங்க விடை இல்லை என்பதையே சுட்டுகிறோம்.

இந்தியாவிலேயே அதற்கு முன் நிகழ்ந்த ஒன்று இதைவிடத் தெளிவானது. 2010 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 4x400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் தங்கம் வென்ற அணியின் வீராங்கனைகள் சிலர், அடுத்த ஆண்டு மெதன்டியெனோன் சோதனையில் சிக்கினர். உக்ரேன் நாட்டுப் பயிற்றுநர் சீனாவில் வாங்கிவந்து தந்த ஜின்செங் மூலிகைக் குளிகைகளிலேயே அது கலந்திருந்தது என்று அவர்கள் முறையிட்டனர். பயிற்றுநர் பதவி நீக்கப்பட்டார். வீராங்கனைகளுக்கு முதலில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் மன்றம் அதனை இரண்டாண்டாக உயர்த்தியது. போத்தலைத் தந்தவர் பயிற்றுநரே என்பது அவர்களைக் காக்கவில்லை.

இனி வாவிக்கரைக்குத் திரும்புவோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் ஆண்டுதோறும் கோட்ட மட்டத்தில் தொடங்கி வலய, மாகாண, தேசிய மட்டம் வரை மாணவர் ஓடுகின்றனர். வெல்லாவெளியிலும் கொக்கட்டிச்சோலையிலும் வெறுங்காலுடன் புல்தரையில் பயின்ற பிள்ளை, முதன்முதலாகச் செயற்கை ஓடுபாதையைக் காண்பதே தேசிய மட்டப் போட்டியில் என்ற நிலை இருந்துவந்திருக்கிறது. அப்பிள்ளைக்கு ஓட்டம் பொழுதுபோக்கன்று. பல்கலைக்கழக விசேட அனுமதிக்கும், முப்படை, பொலிஸ் விளையாட்டுக் கழகங்களின் வேலைக்கும், குடும்பத்தின் நாளைய சோற்றுக்கும் அதுவே பாதை. இவ்வளவு தங்கியிருக்கும் ஓர் ஓட்டத்தில் அரை விநாடியைக் குறைத்துத் தருவேன் என்று எவராவது வந்து சொன்னால், அச்சொல்லின் கவர்ச்சியைப் பதினேழு வயது எவ்வாறு தள்ளும்?

உடற்பயிற்சி நிலையங்கள் நகரிலும் காத்தான்குடி, ஏறாவூர் போன்ற ஊர்களிலும் பெருகியுள்ள காலம் இது. அங்கு செல்வோரில் பெரும்பாலார் எப்போட்டியிலும் கலந்துகொள்ளாதவர். கண்ணாடிக்கு முன் அழகாக நிற்க விரும்புவோர். புரதப் பொடி தடைசெய்யப்பட்டதன்று. ஆயினும் அதன் பெட்டியில் எழுதப்பட்டுள்ளவை மட்டுமே உள்ளே இருக்கின்றன என்று எவரும் உறுதி கூற இயலாது. 2000–2001ஆம் ஆண்டுகளில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிதியுதவியுடன் கொலோன் ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுகளைச் சோதித்தது. அவற்றுள் 94இல், அதாவது ஏறத்தாழ ஏழில் ஒன்றில், மேலுறையில் குறிப்பிடப்படாத ஸ்டீரொயிட் வகைகள் இருந்தன. ஒரே தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தில் அடுத்தடுத்து அரைக்கப்படுவதாலும் கலப்பு நேர்கிறது. வேண்டுமென்றே கலப்போரும் உளர். பெட்டியையும் எஞ்சிய பொடியையும் வாங்கிய பற்றுச்சீட்டையும் எறிந்துவிட்டவருக்குப் பின்னர் நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

மூலிகையென்றால் தீங்கற்றது என்ற நம்பிக்கையும் விளையாட்டு வீரருக்கு உதவாது. தாமரையில் இயற்கையாகவே உள்ள ஹைஜெனமைன் என்னும் பொருள் தடைப்பட்டியலில் இருக்கிறது என்றால், தாமரைக் குளங்கள் நிறைந்த நமது மாவட்டத்தில் பலருக்கு வியப்பாக இருக்கும். கறியாகச் சமைத்த கிழங்கைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதன்று இதன் பொருள். தாமரை விதையின் பசுங்குருத்தைச் செறிவாக்கிச் செய்யும் மருந்துகளில்தான் கவனம் தேவை. பரியாரியாரைக் குறைகூறுவதும் நமது நோக்கமன்று. நோயைத் தீர்ப்பது அவர் தொழில். பட்டியலை அறிந்திருப்பது அவர் தொழிலன்று.

பட்டியலை அறிந்திருக்க வேண்டியவர் யார்? ஒவ்வோராண்டும் ஜனவரி முதலாம் திகதி புதுப்பிக்கப்படும் அப்பட்டியலில் இரசாயனப் பெயர்களே நிரம்பியுள்ளன. அதை வீரர் தனியே வாசித்து விளங்கிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நகைப்புக்குரியது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் இது முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வலயக் கல்வி அலுவலகத்திலும் இவ்விடயத்தைத் தமிழில் விளக்கக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். மருந்தின் பெயரைச் சொன்னால் ஆம், இல்லை என்று பதில் கூறும் வைத்தியர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் மாணவர் கையில் இருக்க வேண்டும். மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கற்கைகளும் இருக்க, ஒரு குளிகையைப் பற்றிக் கேட்பதற்கு இரவு முழுதும் புகையிரதத்தில் கொழும்பு செல்ல வேண்டிய தேவை நம் பிள்ளைகளுக்கு இல்லை. செலவு அதிகம் இல்லாத ஏற்பாடுகள் இவை. குசல் பெரேராவுக்காகச் செலவிடப்பட்டதில் ஒரு துளி போதும்.

சட்டத்தில் சிறுவர்க்குச் சில பாதுகாப்புகள் உண்டு. 2021 முதல் நடைமுறையிலுள்ள கோவை, பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களையும், சர்வதேசத் திறந்த போட்டிகளில் இன்னும் இறங்காத பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களையும் பாதுகாக்கப்பட்டோர் எனக் கொள்கிறது. பெருந்தவறு தம்மீது இல்லை என்று காட்ட முற்படும்போது, மருந்து எவ்வாறு உடலில் சேர்ந்தது என்பதை அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, இத்தகைய பிள்ளை ஒன்று சிக்கினால், அதன் பயிற்றுநர் உள்ளிட்ட துணையாளர்மீது முகவரகம் தானாகவே விசாரணை தொடங்க வேண்டும். பிள்ளைக்கு மருந்து கொடுத்தது நிரூபணமானால் ஆயுட்காலத் தடை வரை விதிக்கலாம். போத்தலைக் கொடுத்த கை தப்பிவிடுகிறதே என்று மேலே கூறிய குறைக்கு, ஏட்டளவிலேனும் ஒரு பதில் இது. பெற்றோர் இதை அறிந்திருந்தால்தான் விசாரணையைக் கேட்டுப் பெறுவர்.

சோதனை நடைபெறும் முறையையும் முன்பே தெரிந்துகொள்வது பயன் தரும். அழைப்பு வந்ததும் வீரர் அதிகாரியின் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும். மறுத்தாலோ தப்பிச் சென்றாலோ மருந்துண்டதற்கு ஒப்பான தண்டனை கிடைக்கும். முத்திரையிடப்பட்ட உபகரணங்களுள் ஒன்றை வீரரே தெரிவு செய்வார். தன் பாலைச் சேர்ந்த அதிகாரி ஒருவரின் நேர்ப்பார்வையில் குறைந்தது 90 மில்லிலீற்றர் சிறுநீர் கொடுக்க வேண்டும். அது ஏ, பி என இரு போத்தல்களில் வீரரின் கையாலேயே ஊற்றி மூடப்படும். ஆய்வுகூடத்துக்கு இலக்கம் மட்டுமே செல்லும், பெயர் செல்லாது. கடந்த ஏழு நாட்களில் உட்கொண்ட மருந்து, துணையுணவு அனைத்தையும் படிவத்தில் எழுத இடமுண்டு. பரியாரியார் தந்த சூரணத்தையும் அங்கு எழுதிவிட வேண்டும். பயத்தினாலோ வெட்கத்தினாலோ அதை விட்டுவிட்டு, முடிவு வந்த பின் சூரணத்தைக் காட்டினால் நம்புவார் அரிது. போத்தலின் மூடியிலோ இலக்கத்திலோ ஐயமிருந்தால் அதனையும் அதே படிவத்தில் குறிக்கலாம். தமக்கு நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமையும், கிடைக்குமிடத்து மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையும் வீரருக்கு இருக்கின்றன. படிவம் தமக்கு விளங்காத மொழியில் இருந்தால், தமிழ்ப் பிள்ளை அதைக் கையெழுத்திட முன்னரே கேட்க வேண்டும்.